ஹெட்டே இல்லாத எஞ்சினுக்கு ஹெட் போர்ட்டிங், 86,500 ரூபா போச்சு

மக்களே, கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க. பழைய கார் வச்சிருக்கவங்க, அதுலயும் "இன்டேக் (எஞ்சினுக்கு காத்து போற பாதை) மாத்துனா வண்டி சும்மா பறக்கும்"னு எவனாவது சொல்றதக் கேட்டு மனசு அலைபாயுறவங்க, முழுசா படிச்சிட்டுப் போங்க. கடை பேரு போடல. புகார் குடுத்திருக்கேன், அது முடியிற வரைக்கும் வாய மூடிட்டு இருன்னு வீட்ல உத்தரவு.

எனக்கு கீழக்கரை. பதினாறு வருசமா துபாய் பொழப்பு. அங்க ஒரு 2004 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8, மேனுவல் கியர், செகண்ட் ஹேண்ட்ல வாங்கி புள்ள மாதிரி வச்சிருக்கேன். இந்தத் தடவ நீண்ட லீவு கிடைச்சதும் கிறுக்குப் புடிச்சு, கார்னெட் (வண்டிய தற்காலிகமா வெளிநாட்டுக்குக் கொண்டுபோற பேப்பர்) போட்டு கப்பல்ல கொச்சியில இறக்கி ஊருக்கே ஓட்டிட்டு வந்துட்டேன். ஆறு மாசம்தான், அப்புறம் திருப்பி அனுப்பியாகணும். இந்தக் காசுக்கு மாடியில ஒரு ரூம் எடுத்திருக்கலாம்னு உம்மா இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டிருக்காங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

இந்த வண்டி எஞ்சின் பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பேரு ரோட்டரி, பிஸ்டன் கிடையாது. முக்கோணம் மாதிரி ரெண்டு ரோட்டர், ஒண்ணு 654 சிசி, ரெண்டும் சேர்ந்து 1308. வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது, அதெல்லாம் உக்காந்திருக்குற சிலிண்டர் ஹெட்டுன்னு ஒண்ணே கிடையாது. காத்து உள்ள போற ஓட்டையெல்லாம் பக்கவாட்டுத் தட்டுலயே இருக்கும், ரோட்டர் சுத்துறப்ப அதுவே தொறந்து மூடிக்கும். இத ஞாபகத்துல வச்சிக்கங்க, கீழ வேணும்.

ஊருக்கு வந்து ஒரு வாரத்துலயே வண்டி சரியில்ல. ஏர்வாடி போற ரோட்டுல ஒரு நாள் காலையில நல்லா மிதிச்சுப் பார்த்தா 4,000 ஆர்பிஎம் (நிமிசத்துக்கு எஞ்சின் சுத்துற கணக்கு) வரைக்கும் சரியா வருது, அதுக்கு மேல யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுத்துப் புடிச்ச மாதிரி. 9,000 வரைக்கும் போற வண்டி இது. துபாய்ல உச்சத்த நெருங்குறப்ப வண்டி அடிக்கிற அந்த பீப் சத்தம் கேக்காம நான் கியர் மாத்துனதே இல்ல.

அப்பதான் தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஈசிஆர்ல ஒரு கடைய சொன்னான். "ரேஸ் வண்டி எல்லாம் அங்கதான் வருது பாய்"னான். போனேன். ஓனர் நல்லாப் பேசுறாரு, அதான் முதல் ஆபத்து. பானெட்ட தொறந்தவுடனே ஏர் பாக்ஸ (காத்து ஃபில்டர் இருக்குற பெட்டி) தட்டிக் காமிச்சு, "இதுதான் பாய் வண்டிய மூச்சுத் திணற வைக்குது, கம்பெனிக்காரன் சத்தம் வரக்கூடாதுன்னு அடைச்சு வச்சிருக்கான், கோன் ஃபில்டர் போட்டு பெரிய பைப்பா மாத்தி போர்ட்டிங் (காத்து போற ஓட்டைய பெருசாக்குறது) பண்ணிட்டா இருபத்தஞ்சு எச்பி ஏறும்"னாரு. ரோட்டரி பண்ணிருக்கீங்களான்னு கேட்டேன். "பத்து வண்டிக்கு மேல"ன்னாரு. இந்தியாவுல மொத்தமே எத்தன ரோட்டரி ஓடுதுன்னு அப்பவே நான் யோசிச்சிருக்கணும். நான் என்ன பண்ணேன்னா, மறுநாள் நம்ம ஊரு தொதல் ஒரு பாக்கெட்டும் கொண்டுபோய் அவருகிட்ட குடுத்துட்டு வந்தேன்.

அந்த நேரம் பாத்து எங்க லாத்தா (அக்கா) மக கல்யாணம். வண்டிய விட்டுட்டு, அட்வான்ஸ் 30,000 போன்ல அனுப்பிட்டு (கடை பேருக்கு இல்ல, யாரோ ஒருத்தர் நம்பருக்கு), கல்யாண வேலையில முங்கிட்டேன். நாலாம் நாள் ரெடின்னு போன். மச்சான்தான் போயி மிச்சத்தையும் கட்டி எடுத்துட்டு வந்தான். நடுவுல ஒரு நாள் வண்டி ஸ்டார்ட் ஆகல, பேட்டரி போச்சுன்னு ஒரு போன் வந்துச்சு, அதையும் நான் கண்டுக்கல. பேட்டரி ஒண்ணும் போகல. இந்த எஞ்சின குளிர்ந்த நிலையில ஸ்டார்ட் பண்ணி பத்தடி நகத்தி உடனே ஆஃப் பண்ணா பிளக் பெட்ரோல்ல நனைஞ்சு மறுபடி எடுக்காது, ரோட்டரி தொட்டவன் எவனுக்கும் தெரிஞ்ச முதல் பாடம் அதுதான்.

சரி, வண்டி வந்துச்சு. சத்தம் பிரமாதம், ஸ்கூட்டர் பசங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க. இழுவை? அதே 4,000. போதாததுக்கு இப்ப கீழ் ரேஞ்சுலயும் கொஞ்சம் திக்குது. சத்தம் கூடிட்டா வேகம் கூடிட்ட மாதிரி ஒரு மயக்கம் வரும் பாருங்க, அந்த மயக்கத்துல நானும் மூணு நாள் இருந்தேன்.

நாலாம் நாள் பசங்கள கூட்டிட்டு தனுஷ்கோடி. கச்சான் காத்து வெறி புடிச்ச மாதிரி அடிக்குது. பாம்பன் பாலத்துலயே வண்டி ஆடுது. முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் ரெண்டு பக்கமும் கடல், நடுவுல ரோடு, ரோட்டு மேல மணல் பாம்பு மாதிரி ஊர்ந்து போகுது. முனையில பசங்க அலையில ஆடிட்டு இருக்க, நான் போன்ல ஓபிடி ஆப்ப (வண்டி சென்சார் கணக்க காட்டுறது) தொறந்து சும்மா பாத்தேன். வெளிய 34 டிகிரி. எஞ்சினுக்குள்ள போற காத்து 61. துபாய் வெயில்லயே ஓடிட்டிருக்கப்ப வெளி சூட்ட விட நாலஞ்சு டிகிரிதான் கூட காட்டும், இப்ப 27 டிகிரி கூட. ஏன்னா பழைய பாக்ஸுக்கு ரேடியேட்டர் முன்னாடி இருந்து குளிர்ந்த காத்து வர ஒரு குழாய் இருந்துச்சு, அத அறுத்து எறிஞ்சிட்டு கோன் ஃபில்டர எஞ்சின் சூட்டுக்கு நடுவுல திறந்தாப்புல வச்சிருக்கான். இருபது டிகிரி சூடு ஏறுனாலே காத்து ஆறு சதவீதம் மெலிஞ்சிடும். பவர் ஏத்த காசு குடுத்து பவர இறக்கிட்டு வந்திருக்கேன்.

இதுல இன்னொரு கூத்து. இந்த வண்டியோட பழைய இன்டேக் ஒண்ணும் மட்டமில்ல. சுமார் 5,500 ஆர்பிஎம்ல கூடுதலா ஒரு காத்து வழி தானா தொறக்கும், எஞ்சினுக்கு காத்த பிரிச்சு விடுற மேனிஃபோல்டு குழாய்க்குள்ளயும் வேகத்துக்கேத்த மாதிரி ஒவ்வொண்ணா தொறக்குற வால்வு இருக்கு (இது குழாய்ல இருக்குற கதவு மாதிரி, பிஸ்டன் எஞ்சின் வால்வு இல்ல). ஜப்பான்காரன் மண்டைய ஒடச்சு பண்ணது, அத ஈசிஆர்ல ஒருத்தர் கட்டிங் மெஷின் வச்சு நாலு நாள்ல "சரி" பண்ணிட்டாரு.

வீட்டுக்கு வந்து ஃபில்டர கழட்டுனேன். கழுத்து ரப்பர் பைப்போட சரியா உக்காரவே இல்ல, ஒரு பக்கம் விரல் நுழையுது. பைப்புக்குள்ள கைய விட்டுத் தேச்சா நரநரன்னுச்சு. தனுஷ்கோடி மணல். வயிறு கலங்கிடுச்சுங்க. ரோட்டருக்கு மூணு முனை, முனைக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரோட்டருக்கும் மொத்தம் ஆறு சீல் இருக்கு, அதுதான் இந்த எஞ்சினோட உசுரு. மணல் உள்ள போயி அந்த சீலையும் ஹவுசிங்கையும் கீறிடுச்சுன்னா கம்ப்ரஷன் (உள்ள காத்த அழுத்திப் புடிக்கிற தெம்பு) போயிடும், அப்புறம் எஞ்சின முழுசா பிரிக்கணும், இங்க எவன் பிரிப்பான்?

பெரியபட்டினத்துல ஒரு காக்கா (எங்க பக்கம் அண்ணன அப்படித்தான் கூப்பிடுவோம்) இருக்காரு, சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல பதினாலு வருசம் கேரேஜ்ல வேல பாத்தவர், இப்ப ஊர்ல போட் எஞ்சின் பாக்குறாரு. வாப்பாதான் "அவர்ட்ட காட்டுடா"ன்னாங்க. நான் மொதல்லயே போயிருக்கணும், போட் எஞ்சின் பாக்குறவருக்கு ரோட்டரி என்ன தெரியப் போகுதுன்னு ஒரு திமிரு. காக்கா வண்டிய ஸ்டார்ட் பண்ணவே இல்ல. பில்ல குடுங்கன்னாரு.

பில்லு ரோஸ் கலர் துண்டுப் பேப்பர், ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. மச்சான் மடிச்சுக் குடுத்தத நானே அன்னிக்குத்தான் ஒழுங்காப் படிச்சேன். இன்டேக் கிட் 34,000. சிலிண்டர் ஹெட் போர்ட் பாலிஷ் 38,000. ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ரீசெட் 5,000. லேபர் 9,500. ஆக மொத்தம் 86,500.

காக்கா படிச்சிட்டு சிரிச்ச சிரிப்பு இருக்கே. "தம்பி, இல்லாத பொண்ணுக்கு சீர் வாங்கிருக்கான்"னாரு.

ரோட்டரியில போர்ட்டிங்னு ஒண்ணு இல்லாம இல்ல. ஆனா அதுக்கு எஞ்சின கீழ இறக்கி, தட்டு தட்டா பிரிச்சு, டெம்ப்ளேட் வச்சு ஓட்டைய பெருசு பண்ணணும். வண்டியில இருந்தபடியே நாலு நாள்ல முடியிற காரியம் இல்ல. காக்கா மேல் மேனிஃபோல்ட கழட்டுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு போல்ட்ட காமிச்சாரு, ஒண்ணுல கூட ஸ்பானர் பட்ட தடம் இல்ல, இருபது வருச அழுக்கு அப்படியே ஒட்டிருக்கு. அத ஒவ்வொண்ணா போட்டோ எடுத்துட்டுதான் கைய வச்சாரு. இந்தப் போட்டோதான் இப்ப என் புகாருக்கே முதுகெலும்பு, அதனால சொல்றேன், சந்தேகம் வந்தா அடுத்த மெக்கானிக் தொடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடுங்க.

உண்மையான கோளாறு என்னன்னா, எஸ்எஸ்வின்னு ஒரு வால்வு, 3,750 ஆர்பிஎம் கிட்ட தொறந்து ரெண்டாவது செட் காத்து வழிய விடணும். அது கரி புடிச்சு இறுகிப் போயிருந்துச்சு. ஆர்எக்ஸ்-8 வச்சிருக்கவங்களுக்கு இது ரொம்பப் பழக்கமான வியாதி. ரெண்டு டின் கார்ப் கிளீனர், ஒரு பழைய டூத் பிரஷ், ஒரு மத்தியானம். கம்பி லேசா அசைஞ்சப்ப காக்கா பிஸ்மி சொன்னது இன்னும் காதுல இருக்கு. திக்கல் வந்ததுக்கும் காரணம் அந்தப் பெரிய பைப்புதான். காத்த அளக்குற சென்சார் பழைய பைப்போட அளவுக்கு கணக்குப் போட்டு வச்சது, பைப்ப அகலமாக்குனா காத்து மெதுவாப் போகும், உள்ள போறத விடக் கம்மியா சென்சார் காட்டும், பெட்ரோல் கம்மியா விழும், எஞ்சின் சூடேறும். அதுல போலி ஃபில்டர்ல இருந்து வழிஞ்ச சிவப்பு எண்ணெய் வேற சென்சார் கம்பியில படிஞ்சு கெடந்துச்சு. காக்கா வாங்குனது 2,500, அதுவும் நான் பையில திணிச்சது.

கடைக்கு போன் பண்ணேன். அண்ணே, இந்த எஞ்சினுக்கு ஹெட் எங்க இருக்குன்னு நீங்க காமிங்க, நான் இன்னொரு 38,000 தர்றேன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் சொல்றாரு, "பாய், உங்க வண்டிக்கு ஹெட் உள்ளுக்குள்ள இருக்கு பாய், வெளிய தெரியாது."

பழைய ஏர் பாக்ஸையாச்சும் குடுங்கன்னேன். ஆக்கர் (பழைய இரும்பு) கடையில போட்டாச்சாம். எந்த வேலைக்கு விட்டாலும் கழட்டுன பழைய சாமான் என்கிட்ட வரணும்னு மொதல்லயே எழுதி வாங்கிக்கங்க, நான் வாங்கல. சார்ஜா பழைய சாமான் மார்க்கெட்ல 150 திர்ஹத்துக்கு ஒண்ணு கிடைச்சுது, ஊருக்கு வந்த ஒரு தம்பி பேரீச்சம்பழத்துக்கும் அத்தருக்கும் நடுவுல பெட்டியில வச்சுக் கொண்டாந்து குடுத்தான். மாட்டிட்டு ஏர்வாடி ரோட்டுக்கே போனேன். 5,500ல அந்தப் பழைய உறுமல், அப்புறம் பீப்.

மணல் எவ்வளவு உள்ள போச்சுன்னு இன்னும் தெரியல. கம்ப்ரஷன் பாக்க இதுக்குன்னு தனி மீட்டர் வேணும், ஒரு ரோட்டர்ல மூணு முகத்தையும் தனித்தனியா அளக்கணும், சாதா பிஸ்டன் மீட்டர்ல ஒத்த நம்பர்தான் வரும். அது துபாய் போயித்தான். காலையில ஸ்டார்ட் பண்றப்ப எப்பவும் விட அரை செகண்ட் கூட சுத்துற மாதிரி எனக்குத் தோணுது, மச்சான் இல்லங்குறான்.

1915க்கு (தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்) போன் பண்ணி புகார் பதிஞ்சாச்சு. கடைக்காரர் முதல்ல 10,000 தர்றேன்னாரு, அப்புறம் 20,000ன்னாரு, நான் ஹெட் காசு முழுசா வேணும்னு நிக்கிறேன். சரிவரலன்னா ராமநாதபுரம் நுகர்வோர் கமிஷன்தான், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருசம் டைம் இருக்கு. வண்டி அடுத்த மாசம் கப்பல் ஏறுது, நானும் போயிடுவேன், மச்சான் பேருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிட்டேன். பணம் கட்டி வண்டி எடுத்துட்டு வந்தவன் அவன்தானே, அலையட்டும்.