உடைந்த ஸ்டட்: எண்ணெயா, வெல்டிங்கா, ஈஸி-அவுட்டா, லேத்தா?

பழைய மாருதி 800 மாதிரி ஒரு சின்ன காரை வீட்டு வாசலிலேயே பிரித்து வேலை பார்க்கிறவர்களுக்கு என்றைக்காவது இது நடந்தே தீரும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சின் புகையை வாங்கி வெளியே விடும் குழாய்த் தொகுதி) நட்டில் ஸ்பேனரைப் போட்டு இழுப்பீர்கள், அசையாது, இன்னும் கொஞ்சம் இழுத்ததும் திடீரென்று லேசாகத் திரும்பும், கழன்றுவிட்டது என்று சந்தோஷப்படுவதற்குள் நட்டோடு சேர்ந்து பாதி ஸ்டட்டும் (நட்டு உட்காரும், தலையில்லாத போல்ட்) கைக்கு வந்துவிடும். மீதிப் பாதி அலுமினிய ஹெட்டுக்குள், அதாவது எஞ்சினின் மேல்பகுதிக்குள்.

உடனே கடைக்கு ஓடி ஒரு ஈஸி-அவுட் (உடைந்த துண்டில் துளை போட்டுச் செருகித் திருப்பும் கருவி) செட் வாங்கி வருவதுதான் பெரும்பாலோர் செய்வது. என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் வைக்க வேண்டும். எந்த வழி சீக்கிரம் முடியும் என்று பார்க்காதீர்கள், இது பலிக்காவிட்டால் அடுத்த வழிக்கு இடம் மிஞ்சுமா என்று பாருங்கள். கீழே உள்ள வழிகளை எல்லாம் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால், எப்படி உடைந்தது? அதிகமாக இறுக்கும்போது உடைந்திருந்தால் பாதிக் கவலை போச்சு. மேல்பாதி முறிந்ததுமே இழுவிசையும் போய்விடுகிறது, உள்ளே இருக்கும் துண்டு மரையில் (திருகு வரியில்) சும்மாதான் உட்கார்ந்திருக்கும், கூரான ஊசியால் ஓரத்தைத் தள்ளியே பல சமயம் திருப்பி எடுத்துவிடலாம். கழற்றும்போது உடைந்தது என்றால் கதை வேறு. இரும்பும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்தால் அரிப்பு வரும், அந்த வெள்ளைப் பொடி மரை இடுக்கை அடைத்துக்கொள்ளும், எக்ஸாஸ்ட் சூடு அதை இன்னும் கெட்டியாக்கும். முழு ஸ்டட்டையே முறித்த பிடி அது.

எண்ணெயும் சூடும் முதல் வழி. செலவு கிட்டத்தட்ட இல்லை, நேரம்தான் போகும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ராத்திரி முழுக்க விட்டு, காலையில் சுத்தியலால் லேசாகத் தட்டி, மறுபடி அடியுங்கள். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் இடுக்கி) பிடித்துத் திருப்பலாம், மரை மிச்சம் இருந்தால் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று எதிராக இறுக்கி அடி நட்டைத் திருப்பலாம். சூடு காட்டும்போது பலர் ஸ்டட்டைச் சுடுகிறார்கள், சுட வேண்டியது சுற்றியுள்ள ஹெட்டை. அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் துளை கொஞ்சம் அகலும். ஒரு எச்சரிக்கை: இரும்பு மாதிரி சிவந்து காட்டிவிட்டு அலுமினியம் உருகாது, ஹெட்டின் அலுமினியக் கலவை 660 டிகிரிக்கும் கீழேயே சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும். அதனால் டார்ச்சைவிட ஹீட் கன் எனக்குப் பிடிக்கும். எண்ணெயைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். (ஸ்பார்க் பிளக் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ்: அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் மரையும் கூடவே வரும்.) பலிக்காவிட்டால்? ஒன்றும் கெட்டுப்போகவில்லை, எல்லா வழிகளும் அப்படியே இருக்கின்றன.

அடுத்து நட்டை வைத்து வெல்டிங் அடிப்பது. என் ஓட்டு இதற்குத்தான். உடைந்த முனை மேல் ஒரு வாஷர், அதன் மேல் கொஞ்சம் பெரிய நட்டு, நட்டின் துளை வழியாக உள்ளே வெல்டிங். இரும்புக்கான வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, அதனால் முனை ஹெட்டின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால்கூடத் தேர்ந்த கை மேலே கட்டிக் கொண்டுவந்துவிடும். பிடித்துத் திருப்ப ஒரு நட்டு கிடைப்பது பாதி லாபம்தான், அந்தச் சூட்டில் ஸ்டட் விரிந்து ஆறும்போது சுருங்கி துருப்பிடியே உடைவது மீதி. கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு, ஒரே பக்கமாக இழுக்காமல் இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுக்க வேண்டும். நட்டு பிய்ந்து வந்தால் இன்னொன்றை வைத்து அடிக்கலாம், இழப்பு ஒரு நட்டு. சிக்கல் வேறு இடத்தில்: வண்டி நகராது, வெல்டர் வீட்டுக்கு வர வேண்டும், கிரில் கேட் அடிக்கும் எல்லோருக்கும் இந்தப் பொறுமை இருக்காது. பேட்டரி வயர்களைக் கழற்றி வைக்காமல் ஆரம்பிக்க விடாதீர்கள், இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் இசியு (எஞ்சினை நடத்தும் கணினி) கனெக்டரையும்.

இப்போது ஈஸி-அவுட். 8 மி.மீ. ஸ்டட் முழு தடிமனோடு தாங்காமல் முறிந்திருக்கிறது. அதன் நடுவில் துளை போட்டு, அதைவிட ஒல்லியான ஒன்றைச் செருகி, அதே பிடியை உடைக்கப் பார்க்கிறோம். கணக்கு இங்கேயே இடிக்கிறதே? போதாக்குறைக்கு, கூம்பு வடிவக் கருவி உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டின் சுவரை வெளிப்பக்கம் தள்ளி மரையை இன்னும் இறுக்குகிறது. சரி, முறிந்தால் முறியட்டும் என்று விடவும் முடியாது, ஏனென்றால் அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண எச்.எஸ்.எஸ். டிரில் பிட் அதில் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்புறம் கார்பைடு பிட், அல்லது ஹெட்டைக் கழற்றி ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுப்பது) செய்யும் இடம். கோவை, அம்பத்தூர் பக்கம் டூல் ரூம்களில் இது நடக்கும், ஆனால் வாசலில் பார்க்கிற வேலையாக இருக்காது. இறுக்கும்போது உடைந்த, துருப்பிடிக்காத போல்ட்டுக்கு ஈஸி-அவுட் நல்ல கருவிதான், மறுக்கவில்லை. இடது சுற்று டிரில் பிட் கிடைத்தால் இன்னும் நல்லது, துளை போடும்போதே சில சமயம் துண்டு சுழன்று வெளியே வந்துவிடும். சாதாரண ஹார்டுவேர் கடையில் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

முழுசாகத் துளைத்து எடுத்து ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே இறக்கும் கம்பிச் சுருள்) போடுவது இன்னொன்று. 1.25 மி.மீ. பிட்ச் (மரை வரிகளின் இடைவெளி) உள்ள 8 மி.மீ. மரைக்கு 6.8 மி.மீ. வரை துளைத்தால் பழைய மரையே தப்பிக்க வாய்ப்புண்டு, தப்பாவிட்டால் 8.3 மி.மீ. வாக்கில் பெரிதாக்கி அதற்கான டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு ஸ்டெயின்லெஸ் சுருளை இறக்கலாம். அலுமினியத்தில் நேராக வெட்டிய மரையைவிட அது உறுதி. ஆனால் எல்லாமே சென்டர் பஞ்ச் அடித்த இடத்தைப் பொறுத்தது. பிட் கெட்டி இரும்பை விட்டு மெத்தென்ற அலுமினியத்துக்குத்தான் நழுவும், துளை கோணினால் மேனிஃபோல்டே உட்காராது. சில எஞ்சின்களில் அந்தத் துளைக்குப் பின்னால் கூலன்ட் ஓடும் அறை வேறு இருக்கும், ஆழம் பார்த்துத் துளையுங்கள்.

எம்-சீல் வைத்து ஸ்டட்டை ஒட்டிவிடலாம் என்பவர்களுக்கு: எக்ஸாஸ்ட் சூட்டில் அது நிற்காது. ஒரு ஸ்டட் இல்லாமலே ஓட்டலாமே என்றால், ஓரத்து ஸ்டட் போனால் புகை கசியும், காலையில் டிக் டிக் சத்தம் வரும், ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் உள்ளே இழுக்கும் வெளிக்காற்றால் அளவு தப்பாகி எஞ்சின் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும்.

கடைசியாக, ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப் போவது. இதைத் தோல்வி என்று நினைக்கிறவர்கள்தான் மூன்றாவது ஈஸி-அவுட்டையும் உள்ளே உடைக்கிறார்கள். டைமிங் பெல்ட், கூலன்ட், புது ஹெட் கேஸ்கெட் என்று செலவு ஏறும், உண்மைதான். ஆனால் ஹெட்டை மிஷினில் சாய்வில்லாமல் கட்டித் துளைத்தால் துளை நேராக வரும். போகும்போது நல்ல ஸ்டட் ஒன்றை மாதிரிக்குக் கொண்டு போங்கள், பெரிய சைஸில் மரை போட்டுத் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம், பழைய சைஸிலேயே ஹெலிகாயிலோ புஷ்ஷோ (மரை உள்ள உலோகக் குழல்) போடச் சொல்லுங்கள், மற்ற ஸ்டட்களையும் அங்கேயே கழற்றிப் பார்க்கச் சொல்லிவிடுங்கள், அதே துருவில் அவையும்தான் இத்தனை வருஷம் இருந்தன.