மின் இணைப்பு இல்லாத தோட்டக் கொட்டகை: சூரிய விளக்கும் டீசல் ஹீட்டரும் எப்படி?

பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் தண்ணீர்க் குழாய் இருக்கும், மின்சாரம் அநேகமாக இருக்காது. லண்டனைச் சுற்றி அப்படி ஒரு துண்டை எடுத்து, அதில் எட்டடிக்கு ஆறடி மரக் கொட்டகை ஒன்றைப் போட்டுக்கொண்டு, நவம்பர் முதல் மார்ச் வரை அதற்குள் உட்கார்ந்து வேலை செய்ய நினைப்பவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நான் வாங்கிப் பயன்படுத்தியவை மூன்று: நூறு வாட் தகடு கொண்ட சூரிய விளக்குத் தொகுப்பு, பசுமைக்குடில்களுக்கென்று விற்கப்படும் சிறிய மண்ணெண்ணெய் அடுப்பு, வண்டிகளில் பொருத்தும் வகை டீசல் ஹீட்டர். ஒரே பொருளைப் பல பெயர் ஒட்டி விற்கும் சந்தை இது என்பதால் பெயர்களைச் சொல்வதில் பயனில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

வெளிச்சம் எளிதாகத் தீர்ந்துவிடும் பிரச்சினை. கயிற்றை இழுத்தால் எரியும் சிறு சூரிய விளக்குகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. கோடையில் அவை போதும். ஆனால் டிசம்பரில், பொழுது நான்கு மணிக்கே சாய்ந்துவிடும் நாட்களில், உள்ளங்கையளவு தகடு சேர்த்துவைக்கும் மின்சாரம் கருவியைத் தேடி எடுத்துக் கதவைப் பூட்டும் வரைக்கும்தான் வரும். உட்கார்ந்து வேலை செய்ய வேண்டுமானால் தனித் தகடு, பேட்டரிக்குள் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கட்டுப்படுத்தி, பேட்டரி, 12 வோல்ட் எல்.இ.டி. விளக்குகள் என்று பிரித்து வாங்குவதே நல்லது. என் தொகுப்பில் இருந்தது 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. அதில் ஏறக்குறைய 240 வாட்-மணி அடங்கும்; ஐந்து வாட் விளக்கு ஒன்றை அது நாற்பது மணி நேரத்துக்கும் மேல் எரிய வைக்கும். இரண்டு விளக்குகளை எரித்தும் இருட்டில் உட்கார நேர்ந்ததில்லை.

தகட்டைப் பொருத்தும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கொட்டகைக் கூரையின் சரிவு மிகக் குறைவு என்பதால் அதன் மேல் படுக்கவைத்து ஆணி அடித்துவிடுவது வசதியாகத் தோன்றும். லண்டனில் டிசம்பர் பிற்பாதியில் உச்சிப் பொழுதிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 16 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. தெற்கு நோக்கிய சுவரில், அறுபது எழுபது பாகைக்கு நிமிர்த்தி வைத்தால்தான் அந்தச் சாய்ந்த வெயில் தகட்டில் நேராக விழும். பனியும் அதன் மேல் தங்காது. அப்படி வைத்தும் அந்த மாதத்தில் சராசரியாக நாளொன்றுக்கு நூறு வாட்-மணி கிடைத்தாலே பெரிது, மூடாக்கு நாட்களில் அதுவும் இல்லை. ஆகவே விற்பனையாளர் விளம்பரத்தில் எழுதும் கோடைக் கணக்கை நம்பி வாங்க வேண்டாம்.

பேட்டரி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகை லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் படிந்து அது நிரந்தரமாகக் கெட்டுவிடும். குளிரில் தானாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு எல்லா மலிவுப் பேட்டரிகளிலும் கிடையாது. விவரக் குறிப்பில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம். கூடவே, பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸ் வைக்காமல் மரக் கொட்டகைக்குள் கம்பி இழுக்கவே கூடாது. எனக்கு வந்த தொகுப்பில் ஃபியூஸ் இல்லை. தனியாக வாங்கிப் போட்டேன். சில பவுண்ட் மதிப்புள்ள அந்தப் பொருளைத் தவிர்த்து யாருக்கு என்ன லாபமோ தெரியவில்லை.

இனி வெப்பம். சூரிய மின்சாரத்திலேயே மின்சார ஹீட்டரையும் ஓட்டிவிடலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். மேலே சொன்ன 240 வாட்-மணி ஒரு கிலோவாட் ஹீட்டருக்குக் கால் மணி நேரத்துக்குக் கூடப் போதாது. மின்சாரத்தால் கொட்டகையைச் சூடாக்குவதை மறந்துவிட்டு, ஆளைச் சூடாக்குவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்: காரில் போடும் 12 வோல்ட் சூடான இருக்கை விரிப்பு நாற்பது வாட் அளவுதான் இழுக்கும், ஓரிரு மணி நேர வேலைக்கு அது கொடுக்கும் சுகம் எதிர்பாராதது.

மண்ணெண்ணெய் அடுப்பு மலிவு, பொருத்தும் வேலை ஏதுமில்லை, திரியைச் சரியாக வெட்டினால் சுடர் நீலமாக நிற்கும். ஆனால் புகைக்குழாய் இல்லாத எந்த அடுப்பும் எரிவதன் விளைவு முழுவதையும் அறைக்குள்ளேயே விடுகிறது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிப்படும். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது மண்வெட்டித் தகட்டில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. விதை உறைகள் நமுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நாற்றுகளை உறைபனியிலிருந்து காக்கும் அளவுக்கு அதைப் பசுமைக்குடிலில் வைக்கலாம். மனிதர் உட்காரும் மூடிய கொட்டகைக்கு அது பொருந்தாது. உருளை வைத்து எரிக்கும் எரிவாயு ஹீட்டருக்கும் இதே குறை உண்டு. போதாக்குறைக்கு, பியூட்டேன் உருளை வாங்கியவர்களுக்கு உறைகுளிரில் வாயுவே வெளிவராது, ஏனென்றால் அதன் கொதிநிலை சுழியத்தை ஒட்டியே இருக்கிறது. பூந்தொட்டியைக் கவிழ்த்து அடியில் மெழுகுவத்தி ஏற்றும் வித்தையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தொட்டி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. சிறு மெழுகுவத்தி ஒன்றில் இருக்கும் முப்பது நாற்பது வாட்தான் வரும், தீ விபத்துக்கான வாய்ப்பு மட்டும் கூடும்.

எந்த ஹீட்டரை வாங்குவதற்கு முன்பும் செலவிட வேண்டியது சுவருக்குத்தான். அரை அங்குலப் பலகை மட்டும் உள்ள கொட்டகையில் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 25 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். வெளியே 2 பாகை செல்சியஸ், உள்ளே 15 என்று வைத்துக்கொண்டால், பலகை வழியாக மட்டும் ஒரு கிலோவாட்டுக்கு மேல் வெளியேறிவிடும். இடுக்குகளில் நுழையும் காற்று தனி. வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் 50 மில்லிமீட்டர் பி.ஐ.ஆர். (பாலிஐசோசயனுரேட்) நுரைப் பலகையை உள்பக்கம் பொருத்தி, வெளிப் பலகைக்கும் அதற்கும் நடுவே ஓர் அங்குலக் காற்றிடைவெளி விட்டு, மூட்டுகளை அலுமினிய நாடாவால் ஒட்டினால், ஜன்னலையும் இடுக்குகளையும் சேர்த்தே அரைக் கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். இடைவெளி விடாமல் ஒட்டினால் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும்.

இந்த வேலை முடிந்த கொட்டகைக்குத்தான் டீசல் ஹீட்டரைப் பரிந்துரைக்கிறேன். எரியறை தனியாக மூடப்பட்டிருப்பதும், எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வருவதும், புகை குழாய் வழியாக வெளியே போவதும்தான் இதன் சிறப்பு. விசிறி உள்ளே தள்ளுவது உலர்ந்த சூடான காற்று மட்டுமே. பத்து நிமிடத்தில் கையுறையைக் கழற்றிவிடலாம். இரண்டு கிலோவாட் ஹீட்டர் எட்டுக்கு ஆறடிக் கொட்டகைக்குத் தாராளம். மலிவுச் சந்தையில் “எட்டு கிலோவாட்” என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஐந்து கிலோவாட் உடலில் வேறு சீட்டு ஒட்டியவைதான். தேவைக்கு மிஞ்சிய ஹீட்டரை எப்போதும் மிகக் குறைந்த நிலையிலேயே ஓட்ட நேரும், அப்போது எரியறையில் கரி படியும். அணைப்பதற்கு முன் சிறிது நேரம் முழு வேகத்தில் ஓட்டுவது அந்தக் கரியைக் குறைக்கும்.

பற்றவைக்கும்போது, டீசலைச் சூடேற்றும் குளோ பிளக் சில நிமிடங்களுக்குப் பத்து ஆம்பியர் அளவு இழுக்கிறது. தொகுப்போடு வந்த மெல்லிய கம்பியை நீட்டித்து ஓட்டினால் வோல்டேஜ் விழுந்து பிழை எண் காட்டி நின்றுவிடும்; தடித்த கம்பி, குறைந்த தூரம், இரண்டும் வேண்டும். பற்றிக்கொண்ட பிறகு விசிறிக்கும் எண்ணெய்ப் பம்புக்கும் ஒன்றிரண்டு ஆம்பியர் போதும். அப்படியும் மூன்று மணி நேர ஓட்டம் டிசம்பர் நாளொன்றின் சூரிய வரவில் பெரும் பகுதியைத் தின்றுவிடுகிறது. பேட்டரிக்கு உண்மையான சுமை விளக்கல்ல, இந்த ஹீட்டர்தான். வார இறுதியில் மட்டும் போவோருக்கு இடைப்பட்ட நாட்களில் பேட்டரி நிரம்பிவிடும். தினமும் ஓட்ட விரும்புவோர் பேட்டரியையும் தகட்டையும் இரட்டிப்பாக்க வேண்டும். அணைத்த பின் உள்ளே குளிரும் வரை விசிறி சில நிமிடங்கள் ஓடும். அதற்குள் அவசரப்பட்டு மின்னிணைப்பைப் பிடுங்கினால் ஹீட்டர் கெட்டுவிடும்.

குறைகள் சிறியவை அல்ல. எனக்கு வந்த பெட்டியில் இருந்த எண்ணெய்க் குழாய்க் கவ்விகள் பம்ப் மூட்டில் கசிந்தன. குழாயையும் கவ்விகளையும் தனியாக வாங்கி மாற்றினேன். வழிகாட்டித் தாளைப் படித்துப் புரிந்துகொண்டவர் யாராவது இருந்தால் அவரைப் பார்க்க ஆசை. பம்பின் டிக்டிக் சத்தம் அமைதியான தோட்டத்தில் பக்கத்துத் துண்டு வரை கேட்கிறது. ரப்பர் தாங்கியில் மாட்டினால் பாதி அடங்கும். புகைக்குழாய் தொட முடியாத அளவுக்குக் கொதிப்பதால் மரச்சுவரைத் துளைக்கும் இடத்தில் உலோக வளையமும் போதிய இடைவெளியும் கட்டாயம். அதன் ஒலியடக்கிப் பெட்டியின் மூட்டுகளில் புகை கசியக்கூடும் என்பதால், அது சுவருக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

எரிபொருள் எரியும்போது உண்டாகக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. எரியும் ஹீட்டர் எதுவானாலும் இந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்று கொட்டகைக்குள் இருக்கட்டும். வண்டிகளுக்கும் படகுகளுக்குமான ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 50291 இரண்டாம் பகுதித் தரமுத்திரை உள்ளதை வாங்கினால் குளிரும் அதிர்வும் நிறைந்த இடத்துக்குப் பொருந்தும். எரிபொருளைக் கொட்டகையில் சேமிப்பது பற்றியும் புகைக்குழாய் வைப்பது பற்றியும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனி விதி உண்டு. குத்தகைப் பத்திரத்தைப் படித்து, ஐயமிருந்தால் தோட்டச் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு சுவரில் துளை போடுங்கள்.