‘எ பெட்டர் லைஃப்’: வண்டியைத் தேடிப் போன தந்தையும் மகனும்

2011ஆம் ஆண்டு கிறிஸ் வைட்ஸ் இயக்கத்தில் வெளிவந்த ‘எ பெட்டர் லைஃப்’ படத்தின் தொடக்கத்தில், கார்லோஸ் கலிண்டோ என்ற தோட்டக்காரர் கூடத்து சோபாவிலிருந்து விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் புறப்படுகிறார். அந்தச் சிறிய வீட்டிலிருக்கும் ஒரே படுக்கையறை பள்ளியில் படிக்கும் மகன் லூயிஸுக்கு உரியது. மகனுக்குக் கட்டிலை விட்டுக்கொடுத்திருப்பதை அவர் படம் முழுவதும் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டுவதில்லை. கேமராவும் அதைச் சுட்டிக்காட்டி நம் கண்ணைக் கசக்கச் சொல்வதில்லை. இந்த அடக்கம்தான் படத்தின் முதல் பலம் என்று நினைக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கொளத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவுடன் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தேன். அப்பா சவூதியில் தம்மாமில் பதினோரு ஆண்டுகள் ஓட்டுநராக வேலை பார்த்தவர். நான் பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போகும்வரை அவரை மூன்று முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். படம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இடையிடையே ஸ்பானிய மொழியிலும் நகர்வதால், அவருக்குப் புரியாத இடங்களில் நான் மெதுவாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எண்ணியிருந்தேன். அதற்குத் தேவை அதிகம் ஏற்படவில்லை.

கதை எளிமையானது. கார்லோஸ் மெக்சிகோவிலிருந்து வந்து, உரிய ஆவணங்கள் ஏதுமின்றி லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்பவர். மனைவி அவரை விட்டுப் போய்விட்டார். பிளாஸ்கோ என்பவரிடம் கையாளாக இருந்து செல்வந்தர்களின் தோட்டங்களைப் பராமரிக்கிறார். பிளாஸ்கோ ஊர் திரும்ப முடிவெடுத்து, தன் பழைய வண்டியையும் கருவிகளையும் வாடிக்கை வீடுகளையும் சேர்த்து கார்லோஸிடமே விற்க முன்வருகிறார். நம் ஊரில் லோடு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் கடன்பட்டாவது சொந்தமாக ஒரு குட்டி யானை எடுத்துவிட்டால், மறுநாள் காலை முதல் அவர் நடையே மாறிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே ஆசைதான் கார்லோஸுக்கும். ஆனால், பணம் மட்டுமா தடை? ஓட்டுநர் உரிமம் பெற வழியில்லாதவர் வண்டி வாங்குவது என்பது, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சிக்னலிலும் பிடிபடும் அச்சத்தைச் சேர்த்தே வாங்குவதாகும். தங்கை அனிதா, கணவருக்குத் தெரியாமல் சேர்த்து வைத்த 12,000 டாலரைக் கொண்டுவந்து கையில் கொடுத்த பிறகே அவர் துணிகிறார்.

வண்டி வந்த முதல் நாளே தெருமுனையில் நிற்கும் கூலியாட்களுள் சாந்தியாகோ என்பவரை உதவிக்கு அழைத்துக்கொள்கிறார் கார்லோஸ். ரெட்டேரிப் பக்கம் காலை ஏழு மணிக்குத் தூக்குவாளியும் கரணையுமாக நிற்கும் கொத்தனார்களையும் சித்தாள்களையும் தினமும் கடந்து போகும் எனக்கு, அந்தத் தெருமுனைக் காட்சிகளில் அந்நியமாக எதுவும் தோன்றவில்லை. வண்டி ஒன்று வேகம் குறைந்ததும் பத்துப் பேர் ஓடிச் சூழ்ந்துகொள்வதும், இரண்டு பேர் ஏறிக்கொண்டதும் மற்ற எட்டுப் பேர் எதுவும் நடக்காதது போல் பழைய இடத்துக்குத் திரும்புவதும் இங்கேயும் அப்படியே நடக்கின்றன.

அடுத்து வருவது படத்தின் உயிர்நாடியான காட்சி. இடுப்பில் கயிற்றுப்பட்டையும் காலில் ஆணிப்பூட்டும் மாட்டிக்கொண்டு உயரமான பனை ஒன்றில் ஏறுகிறார் கார்லோஸ். தளை போட்டுத் தென்னை ஏறி மட்டை கழிப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஏற்றத்தின் ஒவ்வொரு அடியும் புரியும்; உடல் மரத்தோடு ஒட்டியிருப்பதும், கயிற்றை ஒரு முழம் மேலே எறிந்து பிறகு காலை நகர்த்துவதும், உச்சியை அடைந்ததும் ஒரு கணம் கையை ஓய விட்டு ஊரைப் பார்ப்பதும். அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தில் நிறைவு தெரிகிறது. தன் வண்டி, தன் கருவி, தன் தொழில் என்று நிமிர்ந்து நிற்கும் அதே உயரத்திலிருந்துதான், சாந்தியாகோ வண்டியை எடுத்துக்கொண்டு போவதையும் பார்க்கிறார். மேலே இருப்பவரால் குதிக்க முடியாது. ஏறியதைப் போலவே அடியடியாகத்தான் இறங்கியாக வேண்டும். இறங்கும் அந்தச் சில நொடிகளை இயக்குநர் நமக்குக் கொடுத்திருக்கும் விதம் மனத்தை விட்டு அகலாது.

“போலீசில் சொல்லலாமே” என்று என் மனைவி கேட்டபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பா சொன்னார்: “அவன் கல்லிவல்லிமா. எப்படிப் போவான்?” இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதி இல்லாமலோ, வேலைக்கு அழைத்துப் பொறுப்பேற்ற முதலாளியான கஃபீலிடமிருந்து ஓடிவந்தோ ஒளிந்து வேலை செய்பவர்களை வளைகுடாவில் அப்படித்தான் அழைப்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கும் கதையின் முடிச்சைத் தம்மாமின் ஒரு சொல்லால் அவர் அவிழ்த்துவிட்டார்.

இதன் பிறகு தந்தையும் மகனும் வண்டியைத் தேடிப் புறப்படுகிறார்கள். திருடுபோன சைக்கிளைத் தந்தையும் மகனும் தேடி அலையும், 1948இல் விட்டோரியோ டி சிக்கா எடுத்த ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ படத்தின் நிழல் இங்கே விழுவதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. அந்த இத்தாலியத் தந்தை கடைசியில் பிறருடைய சைக்கிளைத் திருட முயன்று மகன் கண்ணெதிரே அவமானப்படுகிறார். கார்லோஸோ தனக்குச் சொந்தமான வண்டியையே வேலி ஏறிக் குதித்து மீட்கிறார். அதை ஓட்டி வரும்போதுதான் காவலர்களிடம் சிக்குகிறார். தன் பொருளை எடுத்துக்கொள்வதுகூடக் குற்றமாகிவிடும் நிலையில் ஒரு மனிதனை வைக்கும் சட்டத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு காட்சி பேசிவிட முடியாது. கலிபோர்னியாவில் ஆவணமின்றி வாழ்வோருக்கும் ஓட்டுநர் உரிமம் வழங்கும் சட்டம் 2015 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. படம் வெளியான ஆண்டிலோ அமெரிக்கா ஏறத்தாழ 4 லட்சம் பேரை நாடுகடத்தியது.

தேடலின் நடுவே இருவரும் மெக்சிகோ பாணிக் குதிரை விளையாட்டு ஒன்றைப் பார்க்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவிலேயே வளர்ந்த லூயிஸுக்குத் தந்தையின் ஊர் வெறும் பெயர்தான். அங்கே, தந்தை மகிழ்ச்சியாக இருப்பதை அவன் கவனிக்கிறான். குனிந்தே பழகிய மனிதர் தன் மக்களிடையே நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். வண்டி காணாமல் போயிருக்காவிட்டால் இந்த இருவரும் ஒரு பகல் முழுவதும் சேர்ந்து இருந்திருக்கவே மாட்டார்கள் என்பது நமக்கு அப்போதுதான் உறைக்கிறது.

கார்லோஸாக வரும் டெமியான் பிச்சிரின் நடிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வேடத்துக்காக அவர் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். அந்தப் பரிந்துரையை அமெரிக்காவில் ஆவணமின்றி வாழும் 1 கோடியே 10 லட்சம் மனிதர்களுக்குக் காணிக்கையாக்குவதாகவும் அறிவித்தார். அவர் கோபத்தை முகத்தில் காட்டுவதேயில்லை, தோள்களில் காட்டுகிறார். சாந்தியாகோ வண்டியை விற்று வந்த பணத்தை எல் சால்வடோரில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்பிவிட்டான் என்று தெரிந்ததும், அவனை அடிக்கும் மகனைத் தடுக்கிறாரே, அங்கே அந்தத் தோள்களைப் பாருங்கள். லூயிஸாக வரும் ஹோசே ஹூலியானும் பதின்பருவத்துக்கே உரிய எரிச்சலை மிகையின்றி வெளிப்படுத்தியிருக்கிறார்.

குறைகளும் உண்டு. லூயிஸைத் தங்கள் பக்கம் இழுக்கும் ரவுடிக் கூட்டத்தின் கிளைக்கதை பாதியில் நிற்கிறது. அவன் காதலியின் குடும்பத்தைப் பற்றி இன்னும் அறிந்துகொள்ள விரும்பினேன். தேடல் கொஞ்சம் எளிதாகவே கைகூடுகிறது. கேட்ட இடத்திலெல்லாம் அடுத்த தடயம் காத்திருக்கிறது. அலெக்ஸாண்டர் டெஸ்ப்ளாவின் இசை அழகானதுதான் என்றாலும், மௌனமே போதுமாக இருந்த இரண்டு மூன்று இடங்களில் முந்திக்கொண்டு வருகிறது.

இவையெல்லாம் தடுப்பு மையக் காட்சியில் மறந்துபோகின்றன. ஏழைகள் ஏன் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள், என்னை ஏன் பெற்றாய் என்று மகன் முன்பு ஆத்திரத்தில் கேட்டிருந்தான். நாடுகடத்தப்படுமுன் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில் கார்லோஸ் அதற்குப் பதில் சொல்கிறார். படம் முழுவதும் பத்துச் சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், வாழ்வதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகவே உன்னை நேசித்தேன் என்ற பொருள்படத் தட்டுத்தடுமாறிப் பேசி முடிக்கிறார். திரும்பி வருவதாகச் சத்தியம் செய்யச் சொல்கிறான் மகன்.

98 நிமிடப் படம். கடைசிக் காட்சியில் ஒரு பாலைவனமும், நடக்கத் தயாராக நிற்கும் சிலரும், வீட்டுக்குப் போகலாம் என்ற ஒரு சொல்லும் மட்டுமே இருக்கின்றன. எழுத்துகள் ஓடி முடியும்வரை அப்பா எழுந்திருக்கவில்லை. பிறகு, ஏஜெண்டுக்குக் கட்டிய முப்பதாயிரத்தில் பதினெட்டாயிரம் அத்தை கொடுத்தது என்றும், மாமாவுக்கு அது இன்றுவரை தெரியாது என்றும் சொன்னார். எனக்கும் அதுவரை தெரியாது.