சியெனாவா, ஜிரோனாவா? கிராவல் சைக்கிளுக்கு எந்த மலை?

மத்திய தரைக்கடல் மலைநாட்டில் ஒரு வாரம் கிராவல் சைக்கிள், அதாவது மண்ணிலும் ஜல்லியிலும் ஓடும் அகல டயர் சைக்கிள், ஓட்டலாம் என்று முடிவு செய்துவிட்டால், பேச்சு கடைசியில் இரண்டு ஊர்களில் வந்து நிற்கும். ஒன்று இத்தாலியின் டஸ்கனியில் இருக்கும் சியெனா. இன்னொன்று ஸ்பெயினின் கத்தலோனியாவில் இருக்கும் ஜிரோனா. இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா. ஒலிவ மரம், திராட்சைத் தோட்டம், குன்றின் மேல் கல்லால் கட்டிய பழைய ஊர் எல்லாம் இரு பக்கமும் உண்டு. படத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்து போவீர்கள். குனிந்து தரையைப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

(மயோர்க்கா தீவை நான் சேர்க்கவில்லை. அதன் த்ரமுந்தானா மலைத்தொடர் அழகுதான், ஆனால் அங்கே சைக்கிள்காரர்கள் தேடிப் போவது தார் ரோட்டை.)

முதலில் சியெனா. அங்குள்ள மண் சாலைகளுக்கு ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்று பெயர், அதாவது வெள்ளைச் சாலைகள். சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கொட்டி, வண்டிச் சக்கரங்களே அமுக்கி இறுக்கிய சாலைகள். காட்டுத் தடம் என்று நினைத்துவிடாதீர்கள். பண்ணை வீட்டுக்காரர் தினமும் காரில் போகிற ஊர்ச்சாலை இது. டிராக்டர் எதிரே வரும். கோடையில் ஒரு கார் கடந்து போனால் அரை நிமிடத்துக்குக் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்குப் புழுதி எழும். மக்கள் வாழ்கிற சாலையில் ஓட்டுகிறோம் என்ற உணர்வு ஒவ்வொரு திருப்பத்திலும் கூடவே வரும்.

இந்தச் சாலைகளுக்குத் தார் போடாமல் விட்டதற்குப் பின்னால் சைக்கிளுக்கும் ஒரு பங்கு உண்டு. 1997-இல் கியாந்தி மலைப்பகுதியின் கையோலே என்ற சிற்றூரில் ஜான்கார்லோ பிரோச்சி ‘லெரோயிக்கா’ என்ற ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். பழைய காலத்துச் சைக்கிள், கம்பளி ஜெர்சி, வெள்ளைச் சாலை. வெறும் ஏக்கத்துக்காக நடத்தியதல்ல இது. தார் விழுங்கிக்கொண்டிருந்த சாலைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதே நோக்கம். அது பலித்தது. 2007-இல் அதே சாலைகளில் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் பிறந்தது. இன்று உலகமே ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்று சொல்லும்போது முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பந்தயம்தான். ஒரு சாலையின் மீது வைத்த அன்பு அந்தச் சாலையையே காப்பாற்றிய கதை வேறெங்கும் எளிதில் கிடைக்காது. சியெனாவின் பக்கம் என் மனம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் கால்களுக்கு அங்கே இரக்கம் கிடையாது. பெரிய மலை எதுவும் இல்லையே என்று வரைபடத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஏற்றம் ஒவ்வொன்றும் குட்டைதான், ஆனால் நெட்டுக்குத்தாக நிற்கும். இறங்கிய சந்தோஷம் தீரும் முன்னே அடுத்தது தொடங்கிவிடும். லெ தோல்ஃபே என்ற சிறு மேட்டில் சரிவு 18 சதவீதம் வரை போகிறது. தார் ரோட்டில் என்றால் எழுந்து நின்று மிதித்து ஏறிவிடலாம். உதிரி ஜல்லியில் எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, டயர் இருந்த இடத்திலேயே சுற்றும். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி, உட்கார்ந்தபடியே மிதிக்க வேண்டும். அதற்குத் தகுந்த கியர் வேண்டும். முன் பல்சக்கரத்தில் 40 பல் என்றால் பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 44 பல்லாவது இருக்கட்டும்.

சியெனாவுக்குத் தென்கிழக்கே கிரேத்தே செனேசி என்ற களிமண் குன்றுகள். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த மண். மொன்தே சாந்தே மரியே என்ற 11.5 கிலோமீட்டர் வெள்ளைச் சாலை இதன் ஊடாகத்தான் போகிறது. பந்தயத்தை மூன்று முறை வென்ற ஃபாபியன் கான்செலாராவின் பெயரை அந்தப் பகுதிக்கு வைத்திருக்கிறார்கள். ஒதுங்கி நிற்க மரநிழல் அரிது. வசந்தத்தில் பச்சைக் கோதுமை காற்றில் அலையடிக்கும், அறுவடை முடிந்தபின் எல்லாம் சாம்பலும் மஞ்சளுமாக மாறிவிடும்.

அந்தக் களிமண் என்னை ஒரு ஏப்ரல் மாதத்தில் நன்றாகவே சோதித்தது. காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜல்லி போட்ட சாலையில் ஒரு தொல்லையும் இல்லை, தண்ணீர் ஓடி வடிந்துவிட்டது. தூரத்தைக் குறைக்கலாம் என்று வயலோரத் தடத்தில் இறங்கினேன். நூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். பிசைந்த மாவு போன்ற சாம்பல்நிறக் களி டயரில் அப்பி, ஃபோர்க்கின் இடைவெளியை அடைத்து, சக்கரத்தை அப்படியே நிறுத்திவிட்டது. குச்சியால் சுரண்டி எடுத்து உருட்டினால் பத்தடிக்குள் மறுபடி அடைத்துக்கொண்டது. கடைசியில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஷூவின் அடியிலும் அதே களி. மழைக்கு மறுநாள் ஜல்லிச் சாலையை விட்டு இறங்காதீர்கள். இதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஜிரோனாவில் மழை இப்படிப் பழிவாங்காது. நகரின் தென்கிழக்கே எழும் கவாரஸ் மலைகளின் ஓரங்களிலும், கடலை நோக்கிப் போகும் வழியிலும் பல இடங்களில் காலடியில் இருப்பது சிதைந்த கருங்கல்லில் இருந்து வந்த பருமணல். ‘சவுலோ’ என்பது அதற்குக் கத்தலான் பெயர். தண்ணீரை உறிஞ்சிவிடும். காய்ந்து கிடக்கும் இறக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும், திருப்பத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் சறுக்கிவிடும். சியெனாவுக்கு 35 முதல் 38 மி.மீ. டயர் போதும். இங்கே 40-க்குக் கீழே இறங்காதீர்கள், காற்றையும் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

கவாரஸ் என்பது கார்க் ஓக் மரங்களின் காடு. கோடையில் பட்டையை உரித்தெடுத்த மரங்கள் இடுப்புக்கு மேல் கரடுமுரடாகவும், கீழே செங்காவி நிறத்தில் வழவழவென்றும் நிற்கும். முதல் தடவை பார்த்தபோது சைக்கிளை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒரு மரத்தை மறுபடி உரிக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். மது பாட்டில் தக்கையின் பிறப்பிடம் இப்படிப்பட்ட மரங்கள்தான். இந்த மலையில்தான் எல்ஸ் ஆஞ்செல்ஸ் என்ற தேவாலயமும் இருக்கிறது. ஓவியர் சல்வதோர் டாலியும் அவர் துணைவி காலாவும் 1958-இல் தேவாலய முறைப்படி திருமணம் செய்துகொண்ட இடம்.

புதியவர்களுக்கு ஜிரோனா தரும் பெரிய வரம் பழைய ரயில் தடம். ‘கரிலெட்’ என்று அழைக்கப்பட்ட குறுகிய ரயில்கள் ஒரு பக்கம் ஓலோட் வரையும், இன்னொரு பக்கம் கடலோர சான்ட் ஃபெலியு தெ கிஷோல்ஸ் வரையும் ஓடின. இரண்டும் 1969-இல் நின்றுபோயின. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துச் சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். நீராவி எஞ்சின் ஏறிய தடம் என்பதால் ஏற்றம் தெரியாது. கடலுக்குப் போகும் பாதை சுமார் 40 கிலோமீட்டர், காலையில் கிளம்பினால் மதியம் கடலில் குளித்துவிட்டுத் திரும்பலாம். ஓலோட் பக்கம் எரிமலை மண், அணைந்துபோன எரிமலை வாய்கள். இப்படி இளகிய நாளும் கடினமான நாளும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் வசதி சியெனாவில் இல்லை. அங்கே லேசான நாள் என்று ஒன்றைக் கண்டுபிடிப்பதே பாடு.

மற்ற வசதிகளிலும் ஜிரோனா முந்துகிறது. 1990-களின் இறுதியில் இருந்தே வெளிநாட்டுத் தொழில்முறை வீரர்கள் குடியிருக்கும் ஊர். வாடகை சைக்கிள், பழுது பார்க்கும் கடை, வழிகாட்டி எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். பார்சிலோனாவில் இருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. குளிர்காலத்திலும் ஓட்டலாம், பக்கத்து எம்போர்தா சமவெளியில் வடக்கிருந்து வீசும், அந்த மயோர்க்கா மலையின் பெயரையே கொண்ட த்ரமுந்தானா காற்றுக்கு மட்டும் பயப்பட வேண்டும். கோடையில் காட்டுத்தீ அபாயம் உச்சத்துக்குப் போனால் காட்டுக்குள் நுழையவே தடை போடுவார்கள். அந்த அறிவிப்பைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டில் சியெனாவுக்கே என் ஓட்டு. டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். முதல் கடியில் முகம் சுளிக்கும். மூன்று மணி நேரம் வியர்த்து வந்தபின் அதோடு பெக்கொரினோ என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸை வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், அந்த உப்பு எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேரும்.

முதல் முறை மண் சாலையில் ஓட்டப் போகிறவருக்கு, துணைவியோடோ கணவரோடோ போகிறவருக்கு, ஜிரோனாதான் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டாம் முறை என்றால், கால் பழகிவிட்டது என்றால், சியெனா. மே மாதத்திலோ செப்டம்பர் கடைசியிலோ போங்கள். அக்டோபர் முதல் ஞாயிறை ஒட்டி லெரோயிக்கா நடக்கும், கையோலேயில் அறை கிடைப்பது கடினம். லெரோயிக்காவின் 209 கிலோமீட்டர் பாதைக்கு ஆண்டு முழுவதும் வழிகாட்டிப் பலகைகள் நிற்கின்றன, யாரும் எப்போதும் ஓட்டலாம். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரவு மொந்தால்சினோ, இரண்டாவது ஆஷானோ, மூன்றாம் நாள் மறுபடி கையோலே. கிளம்பும் நாளில் மட்டும் விடியும் முன்னே எழுந்துவிடுங்கள். ஊரை விட்டுச் சிறிது தூரத்திலேயே சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே பிரோலியோ கோட்டைக்கு ஏறும் வெள்ளைச் சாலை வரும். முதல் வெளிச்சம் அதன் மேல் விழும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.