பிளேடு சர்வர் வாங்குகிறீர்களா? போர்ட் லைசென்ஸை எண்ணிப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் எங்கள் டேட்டா சென்டருக்கு பிளேடு சர்வர் (சேஸிஸ் என்ற ஒரே பெட்டிக்குள் வரிசையாகச் செருகும் மெல்லிய சர்வர்கள்), நெட்வொர்க் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த செட் வாங்கினோம். விற்றவர்கள் ஒரு சிஸ்டம் இன்டகிரேட்டர், அதாவது பல கம்பெனிப் பொருள்களைச் சேர்த்து அமைத்துத் தருபவர்கள். பெயர் வேண்டாம். பழைய சிஸ்கோ, ஹெச்.பி. செட்டுகள் இன்னமும் கைமாறிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

அவர்கள் நீட்டிய ஒப்பீட்டு அட்டவணையில் ஒரு பக்கம் ஹெச்.பி. சி7000, மறுபக்கம் நாங்கள் கடைசியில் வாங்கிய சிஸ்கோ யூ.சி.எஸ். ஹெச்.பி. பக்கத்தில் மாட்யூல், கேபிள், சப்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் விலை. யூ.சி.எஸ். பக்கத்தில் நெட்வொர்க் செலவு முழுவதும் ஒரே வரி: "சேர்த்தே". ஒரு சேஸிஸுக்கு நொடிக்கு 80 ஜிகாபிட் வேகம் என்றும் போட்டிருந்தார்கள். இரண்டுமே நல்ல பொருள்கள்தான். வில்லங்கம் அந்த ஒரு வரியில் இருந்தது.

சி7000 என்பது 10யூ உயரம் (யூ என்பது ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு), 16 பிளேடு. உள்ளேயே வர்ச்சுவல் கனெக்ட் என்ற நெட்வொர்க் மாட்யூல் இருப்பதால் ஒரு பிளேடிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் டிராஃபிக் சேஸிஸை விட்டு வெளியே வரவேண்டியதில்லை. யூ.சி.எஸ். சேஸிஸ் 6யூ, 8 பிளேடு. அதற்குள் சுவிட்ச் கிடையாது. அடுத்தடுத்த பிளேடுகள் பேசிக்கொள்வதானாலும் வெளியே இருக்கும் ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட் என்ற சுவிட்ச் வரை போய்த்தான் திரும்பும். அது இரண்டு இருக்கும், ஒவ்வொரு சேஸிஸிலிருந்தும் இரண்டுக்குமே கேபிள் போகும். நிர்வாகம் ஒரே இடத்தில் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் சேஸிஸிலிருந்து மேலே போகும் கேபிள்களைக் குறைத்தால் எல்லா பிளேடும் சேர்ந்து திணறும்.

குறைத்துத்தான் வைத்திருந்தார்கள். இரவு பேக்கப் இழுத்துக்கொண்டே போகவும் ரேக்கின் பின்னால் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு சேஸிஸிலிருந்தும் இன்டர்கனெக்ட் ஒன்றுக்கு 10 ஜிகாபிட் கேபிள் 4 போக வேண்டிய இடத்தில் 2. அதாவது 80 அல்ல, 40.

காரணம் கணக்குப் போட்டதும் தெரிந்தது. எங்கள் 6248 மாடல் இன்டர்கனெக்ட் ஒன்றில் கண்ணுக்குத் தெரியும் போர்ட் 32, ஆனால் பெட்டியோடு வரும் லைசென்ஸ், அதாவது போர்ட்டைப் பயன்படுத்தும் உரிமம், 12 மட்டும். எங்களிடம் 4 சேஸிஸ். தலைக்கு 2 கேபிள் என்றால் 8, மேலே நெட்வொர்க்குக்கு 2, ஸ்டோரேஜுக்கு 2. கச்சிதமாக 12! முழுசாகப் போட்டிருந்தால் 20 வேண்டும். ஒரு இன்டர்கனெக்டின் லைசென்ஸை மற்றதில் பயன்படுத்தவும் முடியாது. ஆக இரண்டுக்கும் சேர்த்து 16 லைசென்ஸ் துண்டு விழுகிறது.

கேட்டதற்கு அவர்களுடைய எஞ்சினியர், "டிசைனே அப்படித்தான் சார்" என்றார். விடாமல் கேட்டதும், "கேபிளைப் போட்டுக்கோங்க, 120 நாள் லைசென்ஸ் இல்லாமலே ஓடும்" என்றார். அது சலுகைக் காலம். அந்தக் கெடு முடியும்போது யார் பணம் கட்டுவது என்று கேட்டோம். அதற்குத் தனி கொட்டேஷன் வந்தது. தந்த தள்ளுபடியை முழுதாக விழுங்கும் தொகை.

நல்லவேளை, கடைசித் தவணையை நாங்கள் விடுவித்திருக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதில் பாதி லைசென்ஸ் அவர்கள் செலவு, மீதி எங்கள் செலவு என்று முடிந்தது. நியாயம் என்று சொல்ல மாட்டேன். சண்டையை நீட்ட நிர்வாகத்துக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

இப்போது சர்வர், ஸ்டோரேஜ் எல்லாவற்றையும் சாஃப்ட்வேரால் ஒன்றாக்கும் ஹைப்பர்கன்வர்ஜ்டு என்று விற்க வருகிறார்கள். அங்கே ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட் இல்லாமல் போகலாம், கணக்கு சாஃப்ட்வேருக்கு மாறுகிறது. உதாரணமாக ஒரே சர்வரில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் சாஃப்ட்வேரான விஎம்வேர் இன்று கோர் (சிபியுவுக்குள் இருக்கும் செயலிப் பகுதி) கணக்கில் சந்தா, ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர். அந்த வரியிலும் "சேர்த்தே" என்று போட்டிருந்தால் எத்தனை கோருக்கு, எத்தனை வருடத்துக்கு என்று எழுதி வாங்குங்கள்.

யூ.சி.எஸ். என்றால் கையெழுத்துப் போடும் முன் அவர்களையே யூ.சி.எஸ். மேனேஜர் என்ற நிர்வாக சாஃப்ட்வேரில் லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை போர்ட்டுக்கு லைசென்ஸ் இருக்கிறது, எத்தனை சலுகைக் காலத்தில் ஓடுகிறது என்பது அங்கேயே இருக்கும்.