கரும்புக்காட்டுக்கா, கொல்லைப்புறத்துக்கா, கோட்டுக்கு வெளியேயா? டர்பனில் அடுத்த பாதாளச் சாக்கடைக் குழாய்

தென்னாப்பிரிக்காவில் மாநகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்கும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் டர்பனை ஆளும் எதெக்வினி மாநகராட்சி தன் வரவுசெலவு வரைவை மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்கும். நகரின் வடக்கே டோங்காட், வெருலம், ஃபீனிக்ஸ் பக்கம் வார்டு கூட்டங்கள் களைகட்டுகிற நேரம் அது. எழுந்து பேசுகிறவர்கள் மின்கட்டணம், குப்பை லாரி, எரியாத தெருவிளக்கு என்று போவார்கள். பெரிய குழாய் எந்தத் திசைக்குப் போகிறது என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் அடுத்த முப்பது வருஷத்துக்கு எந்த நிலம் மனையாகும், எது காடாகவே கிடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குழாய்தான்.

டர்பன் வரைபடத்தில் ஒரு கோடு இருக்கிறது. நகர்ப்புற வளர்ச்சிக் கோடு என்று பெயர். கோட்டுக்கு உள்ளே பாதாளச் சாக்கடை. வெளியே கிடையாது, அல்லது இப்போதைக்குக் கிடையாது. 2000-ஆம் ஆண்டு பழைய டர்பனோடு சுற்றுவட்டார ஊர்களையும் கிராமங்களையும் சேர்த்து எதெக்வினியை உருவாக்கியபோது, ஒரே நாளில் மாநகராட்சிக்கு மலையும் பள்ளத்தாக்குமாக ஏராளமான நிலம் வந்து சேர்ந்தது. அத்தனைக்கும் குழாய் போடக் காசு இல்லை. அதனால் கோடு. கையில் இருக்கிற பணத்தை மூன்று வழிகளில் செலவழிக்கலாம், மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். என் கட்சி எது என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

வடக்கே, கரும்புக்காட்டுக்கு

கிங் ஷாகா விமான நிலையம் 2010 மே மாதம் லா மெர்சியில் திறந்த நாளிலிருந்து வடக்குப் பக்கம்தான் எல்லார் கண்ணும். நம் பாட்டன் பூட்டன்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்டிய அதே சரிவுகளில் இப்போது கிடங்குகளும் கேட் போட்ட குடியிருப்புகளும் எழும்புகின்றன. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் பெரிய வெள்ளி தினத்தில் போகிறவர்களுக்குத் தெரியும்: ஆலைக் கிராமம் இருந்த இடத்தைச் சுற்றி இன்று கோல்ஃப் மைதான வீடுகள். ஃபீனிக்ஸுக்கும் உம்ஹ்லாங்காவுக்கும் நடுவே கோர்னூபியா. ஏழை வீடும் கடைத்தொகுதியும் தொழிற்கூடமும் ஒரே திட்டத்தில் என்று வந்த கலப்புக் குடியிருப்பு.

இந்த வழிக்கு வாதம் வலுவானது. பெரிய பெரிய துண்டாக நிலம், ஒன்றிரண்டு உரிமையாளர்கள், விமான நிலையம் பக்கத்தில், வரப்போகிற கட்டடங்கள் நல்ல ரேட்ஸ், அதாவது சொத்துவரி, கட்டும். அந்த ரேட்ஸில்தான், பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழும் இனாண்டாவுக்குக் கழிப்பறை கட்ட முடியும் என்று மாநகராட்சி ஆட்கள் சொன்னால் அது பொய்யும் இல்லை.

சிக்கல் மூன்று. முதலாவது தண்ணீர். டோங்காட், வெருலம் வட்டாரம் பெரிதும் ஹேசல்மியர் அணையை நம்பியிருக்கிறது. 2014, 15 வறட்சியில் அது அடிமட்டத்துக்கு இறங்கி முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். சுவரை உயர்த்தும் வேலையோ வருடக்கணக்கில் இழுத்தது. உம்கேனி ஆற்று அமைப்பிலிருந்து உரிமம் அனுமதிப்பதைவிட அதிகமாக எடுத்துவந்ததால் 2024 அக்டோபரில் டர்பனுக்கான விநியோகத்தையே குறைக்கத் தொடங்கினார்கள். தெற்கே உம்கோமாசி ஆற்றில் ஸ்மித்ஃபீல்ட் அணை வந்தால்தான் நிம்மதி என்கிறார்கள். அது இன்னும் வரவில்லை.

இரண்டாவது, பம்பிங் ஸ்டேஷன். சாக்கடை தானாகச் சரிந்து ஓடினால்தான் செலவு குறைவு. டர்பன் நிலமோ ஏற்றமும் இறக்கமும். ஒவ்வொரு பள்ளத்தாக்கின் அடியிலும் ஒரு பம்பு வைத்து மேலே தள்ள வேண்டும். மின்வெட்டு வந்தால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் அடுத்த மணிநேரமே ஓடையில் கலக்கும், ஓடை நேரே கடலுக்கு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததற்கு, அடித்துப்போன சுத்திகரிப்பு நிலையங்களும் பம்பிங் ஸ்டேஷன்களும்தான் காரணம்.

மூன்றாவது, யார் பணம்? 2013-இன் நிலப்பயன்பாட்டுச் சட்டம், 2015 ஜூலை முதல் நடைமுறையில் இருப்பது, வேலையைப் பிரித்து வைத்திருக்கிறது: மனைக்குள் போகும் குழாய் விண்ணப்பதாரர் பொறுப்பு, மனை வரைக்கும் வரும் பெரிய குழாய் மாநகராட்சி பொறுப்பு. அந்தப் பெரிய குழாய்க்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் மனை போடுகிறவர் வளர்ச்சிக் கட்டணம் தர வேண்டும். எவ்வளவு தள்ளுபடி, எப்போது கட்டுவது என்பதில்தான் பேரம். முழுக் கட்டணம் வாங்கினால் வடக்குத் திட்டம் நியாயமானது. பாதி வாங்கினால் மீதியைப் பழைய குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற பாட்டி தன் தண்ணீர் பில்லில் கட்டுகிறார்.

இடையில் ஒன்று. கோர்னூபியாவில் 2021 ஜூலை கலவரத்தின்போது ஒரு வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்து, நஞ்சு ஓலாங்கா ஆற்றின் கழிமுகத்துக்குள் இறங்கியது. நிலப்பயன்பாடு என்றால் பச்சை, மஞ்சள் வண்ணம் தீட்டிய தாள் என்று நினைப்பவர்கள் அதை நினைத்துக்கொள்ளலாம். எந்தக் கிடங்கு எந்த ஓடைக்கு மேலே உட்காருகிறது என்பதுதான் நிலப்பயன்பாடு.

உள்ளேயே, கொல்லைப்புறத்துக்கு

சாட்ஸ்வொர்த் 1960-களில், ஃபீனிக்ஸ் 1976-இல். இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் போட்ட இடங்கள். கொடுமைக்கு நடுவே ஒரு வேடிக்கை: இரண்டுக்கும் பாதாளச் சாக்கடை சேர்த்தே போட்டார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் இனாண்டாவில் குழிக் கழிப்பறை, இந்தப் பக்கம் ஃபிளஷ். இன்றைய வரைபடத்தில் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் அன்றைய அரசாங்கம் யாரை எங்கே வைத்தது என்பது அப்படியே தெரியும்.

இந்த இரண்டாவது வழி, புதுக் குழாய் போடாமல் இருக்கிற குழாயை நம்பி உள்ளேயே வீட்டை நெருக்குவது. ஏற்கெனவே அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஃபீனிக்ஸில் எந்தத் தெருவுக்குப் போனாலும் கொல்லையில் ஒரு அவுட்பில்டிங். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ஒன்று, வாடகைக்கு ஒன்று. ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்ட குழாயில் இன்று மூன்று குடும்பம்.

இங்கேதான் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். இந்தக் குடியிருப்புகளில் பல இடங்களில் சாக்கடைக் குழாய் தெருவில் ஓடாது. இரண்டு வரிசை வீடுகளின் கொல்லைகளுக்கு நடுவே ஓடும். மலிவாக முடிக்க அன்று அப்படிப் போட்டார்கள். அவுட்பில்டிங்கின் அஸ்திவாரம் இப்போது அந்தக் குழாய்க்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மேன்ஹோல் மூடி சமையலறைத் தரைக்கடியில். அடைப்பெடுக்க வந்தவர் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, மூடி எங்கே?" என்று கேட்க, வீட்டுக்காரர் ஸ்டவ்வைக் கைகாட்டுவார். போதாக்குறைக்குக் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயை முற்றத்துச் சாக்கடைத் தொட்டியில் சொருகியிருப்பார்கள். முற்றத்தில் தண்ணீர் தேங்கவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மழைக்காலத்தில் நூறு கூரைத் தண்ணீர் ஒரே குழாயில் இறங்கினால் பள்ளத்தில் கடைசியாக இருக்கிற வீட்டின் கழிப்பறை பொங்கும். அந்தக் கடைசி வீட்டுக்காரர்தான் வார்டு கூட்டத்தில் சத்தம் போடுவார், மேலே இருக்கிற தொண்ணூற்றொன்பது பேரும் தலையாட்டுவார்கள்.

இத்தனை இருந்தும் செலவில் இதுவே மலிவு. ஏன் என்று ஒரு கணக்கு. தெருவின் இருபுறமும் இருபது மீட்டர் முகப்புள்ள மனைகள் என்றால் ஒரு வீட்டுக்குப் பத்து மீட்டர் குழாய். அதே மனையில் இரண்டு குடும்பம் என்றால் ஐந்து மீட்டர். குன்றின்மேல் அறுபது மீட்டருக்கு ஒரு வீடு என்றால் ஒருவருக்கே அறுபது மீட்டர், போதாக்குறைக்குப் பம்பு. உள்ளே நெருக்குவதற்கு வேண்டியது புதுக் குழாய் அல்ல. சில நீளங்களைப் பெரிதாக்குவது, கூரைத் தண்ணீரைப் பிரிப்பது, ஒழுகலை நிறுத்துவது.

ஒழுகல் என்றதும் தலைகுனிய வேண்டியிருக்கிறது. எதெக்வினி வாங்குகிற தண்ணீரில் பாதிக்கு மேல் காசாகாமல் போகிறது. கசிவு, திருட்டு இணைப்பு, மீட்டர் கோளாறு எல்லாம் சேர்த்து. இதே மாநகராட்சியின் நீர்ப்பிரிவுதான் 2014-இல் ஸ்டாக்ஹோமில் உலக விருது வாங்கியது. தென் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரை மறுசுத்தம் செய்து காகித ஆலைக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் விற்றது, நாள் ஒன்றுக்கு 4 கோடியே 75 லட்சம் லிட்டர் திறனோடு, 2001-லேயே. திறமை இல்லாத ஊர் இல்லை இது. பராமரிப்புக்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது, அவ்வளவுதான்.

கோட்டுக்கு வெளியே

2000 ஆகஸ்டில் குவாசூலு-நட்டாலில் காலரா வெடித்தது. அதைச் சமாளிக்கத்தான் டர்பன் கோட்டுக்கு வெளியே சிறுநீரைப் பிரிக்கும் உலர் கழிப்பறைகளைக் கட்டத் தொடங்கியது. இதுவரை 80 ஆயிரத்துக்கு மேல். கூடவே அன்று வீட்டுக்கு ஒரு தொட்டி, தினமும் 200 லிட்டர் இலவசத் தண்ணீர் கொடுத்தார்கள். இலவச அடிப்படைத் தண்ணீர் என்று பின்னால் நாடு முழுக்க வந்த மாதம் 6,000 லிட்டருக்கு முன்மாதிரி இந்த ஊர்தான்.

ஏன் 200 லிட்டர்? கஞ்சத்தனம் மட்டுமல்ல. வேலை முடிந்து ஊற்றுகிற தண்ணீர் அந்த அளவுக்குள் இருந்தால் மண் உறிஞ்சிக்கொள்ளும், சாக்கடை தேவையில்லை. தண்ணீரும் கழிப்பறையும் ஒரே கணக்கில் கட்டியவை. யாராவது திருட்டு இணைப்பு எடுத்து முழு அழுத்தத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஃபிளஷ் வைத்தால், சாக்கடை இல்லாத மலைச்சரிவில் அந்தத் தண்ணீர் கீழ்வீட்டு முற்றத்தில் எட்டிப் பார்க்கும். தண்ணீர் முன்னே வந்து சாக்கடை பின்னே வராத ஊர் நாறும்.

உலர் கழிப்பறைக்கு அடியில் இரண்டு அறை. ஒன்றில் போய், ஒவ்வொரு முறையும் ஒரு கை மண்ணோ சாம்பலோ தூவ வேண்டும். நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்த அறைக்கு மாறுவார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் காய்ந்ததும் பின்பக்கப் பலகையைத் திறந்து மண்வெட்டியால் அள்ளிப் புதைக்க வேண்டும். யார் அள்ளுவது? வீட்டுக்காரரே. தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிராக இந்தியாவில் 1993-லும் 2013-லும் சட்டம் போட்டார்கள் என்றால் காரணம் துர்நாற்றம் மட்டும் அல்ல. உருளைப்புழு முட்டை எல்லாமே ஒரு வருஷத்தில் செத்துவிடுவதும் இல்லை. பின்னாளில் ஒப்பந்தக்காரர்களை வைத்து மாநகராட்சியே காலிசெய்யத் தொடங்கியது, அதை முதல்நாளே செய்திருந்தால் "எங்களுக்கு மட்டும் ஏன் இது?" என்ற கேள்வியின் சூடு கொஞ்சம் தணிந்திருக்கும்.

கோட்டுக்கு வெளியே இன்னொரு சங்கதி. பெரும்பகுதி இங்கோன்யாமா அறக்கட்டளை நிலம், சூலு மன்னர் அறங்காவலர். மாகாணம் முழுக்க 28 லட்சம் ஹெக்டேர். அங்கே மனை தருவது ஊர்த்தலைவரும் அவர் கீழ் இருக்கும் இந்துனா என்ற உள்ளூர்ப் பொறுப்பாளரும். மாநகராட்சி வரைபடத்தை யாரும் கேட்பதில்லை. இப்போது அங்கே மாடி வீடும் இரண்டு காரும் உள்ளவர்கள் கட்டிக் குடியேறுகிறார்கள். நில விலை இல்லை, ரேட்ஸ் தொல்லை இல்லை. செப்டிக் டேங்க், அது நிரம்பினால் கழிவை உறிஞ்சி எடுக்கும் ஹனிசக்கர் லாரி. லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பது இருட்டில் நடக்கிற விஷயம்.

இவர்களுக்கு முழுப் பாதாளச் சாக்கடை நீட்டுவது கட்டாது. நடுவழி ஒன்று இருக்கிறது: நியூலாண்ட்ஸ்-மாஷுவில் எண்பது சொச்சம் வீடுகளின் கழிவுநீரைப் பம்பில்லாமல், மின்சாரமில்லாமல், தொட்டிகளும் நாணல் படுகையுமாகச் சுத்தம் செய்யும் சிறு நிலையம். ஒரு பள்ளத்தாக்குக்கு ஒன்று என்று வைக்கலாம். ஆனால் கசடு எடுக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும். இடத்துக்கு மறுபடியும் இந்துனா வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

என் வாக்கு

முதல் ரேண்ட் உள்ளே. ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் கொல்லைக் குழாய்களைத் தெருவுக்கு மாற்றி, அவுட்பில்டிங்குகளைச் சட்டபூர்வமாக்கி, அதற்கு ரேட்ஸும் வாங்கலாம். அதே குழாயில்தான் இனாண்டா, அமாவோட்டி குடிசைப் பகுதிகளில் கப்பல் கொள்கலனுக்குள் அமைத்த பொதுக் கழிப்பறைகளும் இணைய முடியும், ஆகவே இது நம்மவர்களுக்கு மட்டும் செய்கிற சலுகை அல்ல. இரண்டாவது, கோட்டுக்கு வெளியே காலிசெய்யும் வேலையை நிரந்தரச் செலவாக எழுதுவது. வடக்கே போகட்டும், முழு வளர்ச்சிக் கட்டணத்தோடு, தண்ணீர் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கட்டமாக. ரேட்ஸ் வருமானம் தாமதமாகும் என்பது உண்மை. தாமதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். 2022-இல் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப்போய் டோங்காட் குழாய்கள் மாதக்கணக்கில் வறண்டபோது ஜோஜோ டேங்க் என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வாங்க வரிசையில் நின்ற ஊர்க்காரர்களிடம் "வளர்ச்சி" என்று சொன்னால் வாளியைத்தான் காட்டுவார்கள்.

வரைவு கையில் கிடைத்தால் முன்னுரையை விட்டுவிட்டுக் கடைசி அட்டவணைகளுக்குப் போங்கள். எஸ்ஏ34ஏ என்பது புதிதாகக் கட்டுவது, எஸ்ஏ34பி பழையதைப் புதுப்பிப்பது, எஸ்ஏ34சி பழுதுபார்ப்பு. சொத்து மதிப்பில் 8 சதவீதம் பழுதுபார்ப்புக்கும், மூலதனச் செலவில் 40 சதவீதம் புதுப்பித்தலுக்கும் போக வேண்டும் என்பது தேசியக் கருவூலத்தின் அளவுகோல். தண்ணீர், கழிவுநீர் என்ற வரிசைகளை மூன்றிலும் விரலால் தொட்டுப் பாருங்கள், பிறகு கூட்டத்தில் கையைத் தூக்கிக் கவுன்சிலரிடம் கேளுங்கள்.