கோஸ்டா ரிக்காவின் அம்பாரோ மனு: வாசல் அகலம், பின்கட்டில் நெரிசல்

கோஸ்டா ரிக்காவில் ஓர் அரசு அலுவலகம் உங்கள் அடிப்படை உரிமையை மதிக்காமல் நடந்துகொண்டால், நாட்டின் உச்ச நீதிமன்றத்திடம் நேரடியாக முறையிட ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் போதும். வழக்கறிஞர் வேண்டாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. சான்றொப்பம் கேட்கமாட்டார்கள். கீழமை நீதிமன்றங்களில் ஏறி இறங்கிவிட்டு வரச் சொல்லவும் மாட்டார்கள். அந்த மனுவுக்கு அம்பாரோ என்று பெயர். உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு அதை விசாரிக்கிறது. ஊரில் யாரும் அந்த முழுப்பெயரைச் சொல்வதில்லை. 'சாலா குவார்த்தா', அதாவது நான்காம் அமர்வு என்றுதான் சொல்வார்கள்.

பொதுச் சேவை என்ற முறையில் எடைபோட்டால், உள்ளே நுழைவதற்கு இதைவிட எளிதான உயர் நீதிமன்ற அமைப்பு உலகில் மிகச் சிலவே இருக்கும். சிக்கல் தீர்ப்பு வந்த பிறகுதான் தொடங்குகிறது.

1949 அரசியலமைப்பின் 10, 48 ஆகிய பிரிவுகளை 1989இல் திருத்தி இந்த அமர்வை உருவாக்கினார்கள். அதே ஆண்டு வந்த 7135ஆம் எண் சட்டம்தான் இதன் செயல்முறைக் கையேடு. உச்ச நீதிமன்றத்தில் மொத்தம் 22 நீதியரசர்கள். மற்ற மூன்று அமர்வுகளிலும் ஐந்து ஐந்து பேர், இதில் மட்டும் ஏழு பேர். 57 உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில், அதாவது 38 வாக்கில், எட்டு ஆண்டுகளுக்கு அவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. பதவிக்காலம் முடியும்போது 38 பேர் எதிர்த்து வாக்களித்தால் ஒழிய, அடுத்த எட்டு ஆண்டும் தொடர்வார்கள். ஒருவரை வெளியேற்ற அவ்வளவு வாக்கு வேண்டியிருப்பதால்தான் ஆளுங்கட்சிக்குப் பிடிக்காத தீர்ப்புகளை இவர்களால் எழுத முடிகிறது. 2012 நவம்பரில் சட்டமன்றம் அந்த 38 வாக்கைத் திரட்டி ஒரு நீதியரசரை நீக்க முயன்றது. வழக்கு இதே அமர்வின் மாற்று நீதியரசர்களிடம் வந்தது. அவர் பதவியில் தொடர்ந்தார்.

மனுவில் இருக்க வேண்டியது நான்கே செய்தி: நீங்கள் யார், எந்த அலுவலகம் அல்லது எந்த அதிகாரிமேல் புகார், என்ன நடந்தது, எந்த உரிமை பாதிக்கப்பட்டது. அரசியலமைப்பின் பிரிவு எண் தெரிய வேண்டியதில்லை. உரிமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் போதும் என்று சட்டத்தின் 38ஆம் பிரிவே சொல்கிறது. தந்தியில்கூட அனுப்பலாம், அதற்கும் கட்டணம் கிடையாது என்று அன்றைக்கே எழுதிவைத்தார்கள். இன்று பெரும்பாலோர் நீதித்துறையின் இணையதளம் வழியாகவே தாக்கல் செய்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்காக வேறு யாரும் மனுப் போடலாம். வெளிநாட்டவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. அலுவலக நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாளிலும் வரும் மனுக்களைக் கவனிக்க ஒரு நீதியரசர் எப்போதும் முறைப்பணியில் இருப்பார்.

எழுதும் விதத்தில் கவனம் தேவை. 'மருத்துவமனை என்னை அலைக்கழிக்கிறது' என்று எழுதினால் பலன் குறைவு. 'இன்ன தேதியில் இன்ன பிரிவின் மருத்துவர் முழங்கால் அறுவைக்குப் பரிந்துரை எழுதினார். இன்ன தேதியில் எழுத்தில் கேட்டேன். இன்றுவரை நாள் குறித்துத் தரவில்லை. என் உடல்நல உரிமை பாதிக்கப்படுகிறது' என்று தேதிவரிசையில் எழுத வேண்டும். பரிந்துரைச் சீட்டின் நகலும், நீங்கள் கொடுத்த கடிதத்தில் அலுவலகம் 'பெற்றுக்கொண்டோம்' என்று தேதியுடன் முத்திரை குத்திய நகலும் மனுவின் உயிர். முத்திரை இல்லாத கடிதத்தைத் தங்களுக்கு வரவே இல்லை என்று அலுவலகம் சொல்லிவிடலாம். கடைசியாக, உத்தரவுகள் வந்து சேர ஒரு மின்னஞ்சல் முகவரி. அதில் ஓர் எழுத்து பிசகினால் திருத்தம் கேட்டு வரும் கடிதம் உங்களை எட்டாமலே போகும். திருத்த மூன்று நாள்தான் தருவார்கள். தவறினால் மனு தள்ளுபடி.

மனு ஏற்கப்பட்டதும் சுமை எதிர்த்தரப்புக்கு மாறுகிறது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அதிகாரி அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை உறுதிமொழியின்பேரில் தந்ததாகவே கருதப்படும். பொய் சொன்னால் குற்றவழக்கு. அறிக்கையே வராவிட்டால் மனுவில் சொன்னவை உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். எதிர்த்து மனுப்போட்ட நடவடிக்கை உங்கள்மேல் செயல்படுவதும் சட்டப்படி நின்றுவிடும். பொதுநலனுக்குப் பெருங்கேடு வரும் என்றால் மட்டுமே நீதிமன்றம் அதைத் தொடரவிடும். கோப்பு எங்கே இருக்கிறது என்றுகூட அறிய முடியாத சாமானியருக்காகக் கோப்பை வைத்திருப்பவரே வந்து பதில் சொல்கிறார். இந்தச் சட்டத்தில் வேறு எந்த ஏற்பாட்டையும்விட இதுதான் பெரிது.

ஆட்கொணர்வு மனு இன்னும் வேகமானது, அம்பாரோவையும் முந்தி எடுக்கப்படும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. மீறினால் சிறைக்கு வெளியே இருக்கும் எவரும் அவருக்காக எழுதலாம்.

மனுக்கள் தோற்பது பெரும்பாலும் தவறான கதவைத் தட்டுவதால். வேறொரு நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து அம்பாரோ செல்லாது. தேர்தல் விவகாரம் தேர்தல் உச்ச தீர்ப்பாயத்துக்குரியது. ஒரு சட்டத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்பது வேறு வகை மனு; அதற்கு வழக்கறிஞரின் சான்றொப்பம் வேண்டும், பொதுவாக நிலுவையில் ஒரு வழக்கும் இருக்க வேண்டும். தனியார் நிறுவனத்தின்மேல் போடலாம். ஆனால் அது அதிகார நிலையில் இருக்க வேண்டும், சாதாரண வழக்கு அந்த மீறலுக்குப் போதாது என்றும் காட்ட வேண்டும். பாதிப்பு தொடரும்வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம், முற்றிலும் நின்றபின் இரண்டு மாதம்தான் கெடு.

பலர் இடறும் இடம் தாமதப் புகார். தகவல் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பத்து வேலை நாளில் பதில் வராவிட்டால் நேராக இங்கே வரலாம். ஆனால் உரிமம், மேல்முறையீடு போன்ற நிர்வாக நடைமுறைகள் இழுத்தடிப்பதை 2008 முதல் இந்த அமர்வு நிர்வாக வழக்கு நீதிமன்றத்துக்குத் திருப்பிவிடுகிறது. உடல்நலம் போன்ற சில விஷயங்களுக்கே விலக்கு. 2008க்கு முந்தைய அனுபவத்தை வைத்து யோசனை சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இனிக் குறைகள். முதல் முழு ஆண்டான 1990இல் ஏறத்தாழ 2,000 வழக்குகள் வந்தன. இப்போது ஆண்டுக்கு 20,000ஐத் தாண்டுகின்றன, பத்தில் ஒன்பதுக்கு அருகில் அம்பாரோ. ஏழு பேரால் இத்தனையையும் ஆழ்ந்து படிக்க முடியாது. அதனால் ஒரே வார்ப்பில் எழுதிய தீர்ப்புகள் ஏராளம். அவற்றில் பெரும்பங்கு காஹா என்று மக்கள் அழைக்கும் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவமனை வரிசைகள் பற்றியவை.

எச்ஐவி கூட்டு மருந்துகளைக் காஹா தர வேண்டும் என்று 1997இல் வந்த தீர்ப்பு உயிர்களைக் காத்தது. அதன் அருமையைக் குறைத்துச் சொல்லவே கூடாது. ஆனால் காத்திருப்புப் பட்டியலில் நிலைமை வேறு. இத்தனை மாதத்துக்குள் அறுவை செய்யுங்கள் என்று உத்தரவு வந்தால் மனுப் போட்டவர் முன்னே நகர்வார். அறுவைக்கூடமோ மயக்க மருந்து நிபுணரோ அதனால் கூடுவதில்லை. மனு எழுதத் தெரியாதவர் அதே வரிசையில் ஓரிடம் பின்னே போகிறார். ஒவ்வொரு தீர்ப்பும் தனித்தனியே நியாயமானது, எல்லாம் சேர்ந்து வரிசையைக் கோணலாக்குகின்றன. இது நீதிமன்றத்தின் கெட்ட எண்ணமில்லை. மனுதாரர் ஒருவரை மட்டுமே பார்க்கும் கருவியால் வரிசை முழுவதையும் சீர்செய்ய முடியாது.

வெற்றி பெற்றவருக்கும் இரண்டு தடைகள் மிச்சம். நட்ட ஈடு உண்டு என்று தீர்ப்பில் இருக்கும், தொகை இருக்காது. தொகையை நிர்ணயிக்க நிர்வாக வழக்கு நீதிமன்றத்தில் தனி வழக்கு நடத்த வேண்டும். இலவச வாசல் அங்கே முடிந்து வழக்கறிஞர் செலவு தொடங்குகிறது. சிறிய தொகைக்காக அங்கே போவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

மற்றது நிறைவேற்றம். கெடு தாண்டியும் அலுவலகம் அசையாவிட்டால் புதிய அம்பாரோ போடாதீர்கள். பழைய வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று அதே கோப்பில் ஒரு குறிப்பு தாக்கல் செய்யுங்கள். தீர்ப்பின் தேதி, கெடு முடிந்த தேதி, இன்றைய நிலை என்ற மூன்று வரி போதும். அமர்வு மேலதிகாரிக்கு எழுதி உத்தரவை நிறைவேற்றச் செய்யலாம், ஒழுங்கு நடவடிக்கைக்கும் சொல்லலாம். கீழ்ப்படியாமைக்கு 71ஆம் பிரிவின்கீழ் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் உண்டு. கெடு முடிந்த மறுநாளே அந்தக் குறிப்பை அனுப்பிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், இத்தனை ஆயிரம் கோப்புகளுக்கு நடுவில் உங்கள் கெடு முடிந்துவிட்டதை அமர்வு கவனிக்க வழியில்லை.